அந்தம்மாவுக்கு நடிக்க வரவில்லை

1968 செப்டம்பர் 20 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் வந்த ஓர் எபிசோடில் காரா என்ற பெண் ஒரு விண்கலத்துக்குள் தனியாக வந்து நிற்கிறாள். குட்டைப் பாவாடை, நீளமான பூட்ஸ், மணிக்கட்டில் ஒரு பட்டை. பட்டையில் இருக்கும் பொத்தானை அழுத்தியதும் கலத்தில் இருக்கிற அத்தனை பேரும் மயங்கி விழுகிறார்கள். அவள் நிதானமாக நடந்து, கிடப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வருகிறாள். ஸ்பாக்கிடம் வந்ததும் நின்று, அவன் தலைமேல் கை வைத்துப் புன்னகைக்கிறாள். அடுத்த காட்சியில் ஸ்பாக்கின் மூளையைக் காணோம்.

'ஸ்டார் ட்ரெக்' தொடரின் 'ஸ்பாக்ஸ் பிரெய்ன்', அதாவது 'ஸ்பாக்கின் மூளை' என்ற எபிசோடு இது. தொடரின் மிக மோசமான எபிசோடு எது என்று ரசிகர்களைக் கேட்டால் பெரும்பாலோர் வாயில் முதலில் வரும் பெயர் இதுதான். மோசமான நடிப்பு எது என்று கேட்டால் காராவாக வந்த மார்ஜ் டூசேயின் பெயர் வரும். திருடிய மூளையைத் திருப்பிக் கொடு என்று கேப்டன் கர்க் கேட்கும்போது, மூளை என்றால் என்னவென்றே தெரியாமல் அவள் விழித்துக் கத்தும் காட்சி ஒன்று உண்டு. ஐம்பது வருஷத்துக்கும் மேலாக அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் வீட்டு ஹாலிலும் சிரித்தார்கள். நான் வேலை பார்க்கும் கல்லூரியில் ஏழெட்டு மாணவிகள் அறிவியல் புனைகதை பற்றிப் படிக்க ஆசைப்பட்டார்கள். சனிக்கிழமை மதியங்களில் மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்து பார்ப்போம். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என்று ஆளுக்கொரு பக்கம் போகிற பிள்ளைகள். சாயங்காலம் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு எபிசோடு, நடுவில் ஒரு டீ. காரா விழித்துக் கத்தியதும் ஒருத்தி சொன்னாள்: "மேடம், அந்தம்மாவுக்கு ஆக்டிங்கே வரல."

இந்த வாக்கியத்தை நாம் எல்லோரும் சொல்லியிருக்கிறோம். சினிமா பார்த்துவிட்டு வெளியே வரும்போது, சீரியலில் புதிதாக ஒருத்தி வந்ததும், 'மூஞ்சியில் எக்ஸ்பிரஷனே இல்லை' என்று. பெண்களும்தான் சொல்கிறோம், அதுவும் ஆண்களைவிடச் சத்தமாக. அந்தத் தீர்ப்பு எப்போதும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் பார்க்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க இந்தப் பழைய தொடர் ரொம்ப வசதியானது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 'ஸ்டார் ட்ரெக்' முதல் தொடர் 1966 முதல் 1969 வரை மூன்று சீசன்கள், 79 எபிசோடுகள். 1980களில் தூர்தர்ஷனும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இதை ஒளிபரப்பியது. அந்தக் காலத்தில் டிவி இருந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஸ்பாக்கின் கூர்க் காது நினைவிருக்கும். கேப்டன் கர்க், ஸ்பாக், டாக்டர் மெக்காய் மூன்று பேரும்தான் கதை. நிரந்தரக் குழுவில் நிக்கெல் நிக்கோல்ஸ் நடித்த உஹுரா என்ற கறுப்பினப் பெண் இருந்தாள். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம், ஆனால் பல வாரங்களில் அவளுக்கு நாலு வசனம் கிடைத்தால் அதிகம். இதற்கு முன்பே 1960களின் நடுவில் எடுத்த முதல் முன்னோட்டப் படத்தில் கலத்தின் இரண்டாம் நிலை அதிகாரியே ஒரு பெண். மஜெல் பாரெட் நடித்தார். அந்தப் பாத்திரத்தைத் தூக்கிவிட்டுத்தான் தொடர் ஆரம்பமானது. அதே நடிகை பிறகு நர்ஸாக வந்தார்.

ஆக, கதைக்கு ஒரு பெண் தேவைப்பட்டால் வெளியிலிருந்துதான் வர வேண்டும். கிட்டத்தட்ட வாரம் ஒருத்தி. அவள் காதலிப்பாள், காட்டிக்கொடுப்பாள், சாவாள், அல்லது கர்க் விடைபெறும்போது கண் கலங்கி நிற்பாள். அடுத்த வாரம் அவள் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. ஒரு எபிசோடைச் சுமார் ஆறு நாளில் எடுத்து முடிப்பார்கள். மற்றவர்கள் வருஷக்கணக்காகப் பழகிய செட்டுக்குள் திங்கட்கிழமை நுழைந்து, அடுத்த திங்கள் கிளம்பிவிட வேண்டும். கெஸ்ட் ரோல் என்றால் நம் ஊரில் கல்யாண எபிசோடுக்குப் பெரிய நட்சத்திரம் வந்து ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போவதைத்தான் நினைத்துக்கொள்வோம். இது அது அல்ல. வந்தவள் தலையில்தான் அந்த வாரத்துக் கதையே நிற்கும்.

அவளிடமிருந்து இரண்டு பொருட்களை முதலிலேயே எடுத்துவிடுவார்கள். ஒன்று, உடை. தொடரின் ஆடை வடிவமைப்பாளர் வில்லியம் வேர் தைஸுக்கு ஒரு கொள்கை இருந்தது: ஓர் உடை எந்த நொடியும் நழுவி விழுந்துவிடும் என்று பார்க்கிறவருக்குத் தோன்ற வேண்டும், அதில்தான் கவர்ச்சி. 1967இல் வந்த ஓர் எபிசோடில் லெஸ்லி பாரிஷ் ஒற்றைத் தோளில் தொங்கும் இளஞ்சிவப்புத் துணியோடு, ஒரு கிரேக்கக் கடவுளிடம் தன் மனதை மாற்றிக்கொண்டு பேசுகிறார். அவர் ஏன் கையை வீசிப் பேசவில்லை என்று கேட்பவர்கள் ஒரு நாள் அப்படி ஓர் உடையைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கிப் பார்க்கட்டும்.

இரண்டாவது, ஒளி. இந்தத் தொடரில் பெண்ணின் முகம் நெருக்கத்தில் வந்தால் படம் பனி மூடியதுபோல மங்கும். அடுத்த ஷாட்டில் கர்க்கின் முகம் வந்தால் பளிச்சென்று தெளிந்துவிடும். ஒரு தடவை கவனித்துவிட்டால் பிறகு கண் அதையே தேடும். எங்கள் சனிக்கிழமைகளில் முகம் மங்கியதும் "பனி வந்துருச்சு" என்று கூவுவது வழக்கமாகிவிட்டது. அழகாகக் காட்டத்தான் அந்த மங்கல். ஆனால் நெருக்கக் காட்சியில் நடிப்பு எங்கே இருக்கிறது? கண்ணோரத்தில், உதட்டு முனையில், நெற்றியின் ஒரு சிறு சுருக்கத்தில். மங்கல் முதலில் அழிப்பது அவற்றைத்தான். பிறகு 'முகத்தில் பாவமே இல்லை' என்று மதிப்பெண் போடுகிறோம்.

இதற்கும் மேலே இருக்கிறது எழுத்து. காராவுக்கு வருவோம். அவள் உலகத்தில் பெண்கள் நிலத்துக்கு அடியிலும் ஆண்கள் மேலே பனியிலும் வாழ்கிறார்கள். பெண்களுக்குக் குழந்தை அளவுதான் அறிவு. ஏதாவது செய்ய வேண்டுமென்றால் ஒரு தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டால் போதும், பழைய அறிவெல்லாம் தலைக்குள் வந்துவிடும். மூன்று மணி நேரத்தில் மறந்துபோகும். மூளையை அறுத்தெடுத்தது அந்த அறிவோடு. கர்க் கேட்கும்போது அவள் அதை மறந்திருக்கிறாள். விழித்துக் கத்துவது நடிகையின் பிசகு இல்லை, பாத்திரமே அதுதான்.

கடைசியில் டாக்டர் மெக்காய் அதே கவசத்தை மாட்டிக்கொண்டு அறுவை சிகிச்சை செய்கிறார். பாதியில் அவருக்கும் மறக்கத் தொடங்குகிறது! கை நடுங்குகிறது, வியர்க்கிறது, இசை ஏறுகிறது, நாமும் பதறுகிறோம். அறிவு கைவிட்டுப் போகிற ஒரு மருத்துவனின் துயரமாக அது எடுக்கப்பட்டிருக்கிறது. ஒரே கவசம், ஒரே மறதி. அவருக்கு அது நெருக்கடி, அவளுக்கு அது நகைச்சுவை. டிஃபாரஸ்ட் கெல்லி நல்ல நடிகர், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த எபிசோடில் அவருக்கும் மார்ஜ் டூசேவுக்கும் இடையே இருக்கும் வித்தியாசத்தில் பாதியைக் கதாசிரியர் உண்டாக்கியிருக்கிறார். (எழுதியவர் ஜீன் எல். கூன். திரையில் லீ க்ரோனின் என்ற புனைபெயர்தான் வருகிறது. கெட்டிக்காரர், நடிகைக்குப் புனைபெயர் வைத்துக்கொள்ளும் வசதி இல்லை.)

பிள்ளைகளிடம் தொடக்கக் காட்சியைத் திரும்பப் போட்டுக் காட்டினேன். வசனம் இல்லாமல் அவள் நடந்து வரும் காட்சி. சந்தையில் பொருள் பார்க்கிறவள் மாதிரி, அவசரமில்லாமல், கொஞ்சம் ஆசையோடு ஒவ்வொரு ஆணாகப் பார்க்கிறாள். கவசத்தை மறுபடி மாட்டியதும் குரல் மாறுகிறது, முதுகு நிமிர்கிறது, ஆயுதத்தை எடுத்துக் குறி வைக்கிறாள். இரண்டு காராக்களுக்கும் நடுவே இருக்கும் வேறுபாட்டை அந்த நடிகை உடம்பிலேயே காட்டியிருக்கிறார். அதையும் பார்த்துவிட்டுச் சிரிக்கலாம் என்றேன்.

எங்கள் ஆயா எழுத்து வாசனை இல்லாதவர். ஆனால் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தை வருஷம் தவறாமல் விடிய விடியப் பார்த்தவர். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம். எங்கள் பக்கத்து ஊர்களில் இன்றைக்கும் நடக்கிறது. ஆயா கூத்துக்காரர்களைப் பற்றி இரக்கமே இல்லாமல் பேசுவார். யாருக்குத் தொண்டை கட்டியது, யார் அடவை விழுங்கினான், யார் தூக்கத்தில் பாடினான் எல்லாம் காலையில் கணக்கு வந்துவிடும். ஆனால் சில பேரைத் திட்ட மாட்டார். "வாத்தியாரு அவனுக்குப் பாட்டே குடுக்கல, அவன் என்னா பண்ணுவான்?" என்பார். பாட்டு கொடுக்காதவன் வேறு, கொடுத்தும் பாடாதவன் வேறு. நான் படித்த விமர்சனக் கோட்பாடுகளில் இவ்வளவு சுருக்கமாக இதைச் சொன்னவர் குறைவு.

கொடுத்தும் பாடாதவனுக்கு இந்தத் தொடரிலேயே அருமையான உதாரணம் இருக்கிறது. காரா வந்த மூன்றாவது வாரம், அக்டோபர் 11. எபிசோடின் பெயர் 'அண்ட் தி சில்ட்ரன் ஷல் லீட்'. அநாதைக் குழந்தைகளை வசியம் செய்து ஆட்டிவைக்கும் கோர்கன் என்ற தீய ஆவி. முக்கிய வேடம். கொடுத்தது யாருக்கு? மெல்வின் பெல்லை என்ற வழக்கறிஞருக்கு. நடிகரே இல்லை. கென்னடியைச் சுட்டவன் என்று பிடிபட்ட லீ ஹார்வி ஆஸ்வால்டைச் சுட்டுக்கொன்ற ஜாக் ரூபிக்காக வாதாடிய, அமெரிக்காவே அறிந்த வக்கீல். அவர் மகனும் குழந்தைகளில் ஒருவனாக வருகிறான். பெல்லை பளபளக்கும் அங்கியில் அசையாமல் நின்று, நோட்டீஸ் படிப்பதுபோல வசனத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார். குரலில் பயமுறுத்தல் இல்லை, கண்ணில் தந்திரம் இல்லை. நீதிமன்றத்தில் ஜூரிகளைக் கட்டிப்போட்டவர் என்கிறார்கள். இங்கே நாலு சிறுவர்களைக்கூடக் கட்டிப்போட முடியவில்லை. இதுதான் பலவீனமான நடிப்பு. பாட்டு கொடுத்தார்கள், பாடத் தெரியவில்லை. புகழுக்காக ஒருவரைக் கூப்பிட்டால் இதுதான் நடக்கும்.

பெல்லையையும் ரசிகர்கள் கேலி செய்கிறார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேலி அந்த மனிதரோடு நின்றுவிடுகிறது. அவர் முகவெட்டைப் பற்றியோ தொடையைப் பற்றியோ யாரும் பேசுவதில்லை. யாரைப் பிடித்து இந்த வேடத்தை வாங்கினார் என்று கண்ணடிப்பதில்லை. வக்கீல் வேலையில் அவர் பெயர் ஒரு குறையும் இல்லாமல் நீடித்தது. மார்ஜ் டூசே நடிப்பையே தொழிலாகக் கொண்டவர். அவருக்கு அந்தக் கேலி விழுந்தது தொழிலின் மேலேயே.

ஒரே எபிசோடுக்குள் இரண்டு விருந்தினர்கள் வந்தால் ஒப்பிடுவது இன்னும் சுலபம். 1967 பிப்ரவரியில் வந்த 'ஸ்பேஸ் சீட்' நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. கான் நூனியன் சிங் என்ற அதிமனிதன் இருநூறு வருஷத் தூக்கத்திலிருந்து எழுகிறான். வட இந்தியன், அநேகமாகச் சீக்கியன் என்று கலத்தின் வரலாற்றாசிரியை மார்லா மெக்கைவர்ஸ் சொல்கிறாள். முகத்தில் மாநிறம் பூசிக்கொண்டு நடித்தவர் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மோன்டல்பான். இந்தியனை நடிக்க இந்தியன் வேண்டாம் என்பது அன்றைய நியாயம். பூச்சை மன்னித்துவிட்டுப் பார்த்தால் நடிப்பு கம்பீரம்தான், மறுக்க முடியாது. ஏன் கம்பீரம்? அவனுக்கு ஒரு கடந்த காலம், ஒரு திட்டம், ஒரு விருந்து மேசை வாக்குவாதம், ஒரு சண்டை, ஒரு தோல்வி எல்லாம் எழுதித் தந்திருக்கிறார்கள்.

மார்லாவுக்கு? வரலாறு படித்தவள் என்கிறார்கள், ஆனால் அவள் அறை முழுக்கப் பழைய வீரர்களின் படங்கள்தான் மாட்டியிருக்கின்றன. வீரனைக் கண்டதும் மயங்குகிறாள். அவன் கையை நசுக்கி மண்டியிட வைக்கிறான், உடனே கலத்தையே காட்டிக்கொடுக்கச் சம்மதிக்கிறாள். இந்தத் திருப்பத்துக்கு மாட்லின் ரூவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு காட்சி. படித்த ஒருத்தி தன் சக ஊழியர்கள் எல்லோரையும் சாகக் கொடுக்க ஒரே நிமிஷத்தில் முடிவெடுப்பதை எந்த நடிகையால் நம்பவைக்க முடியும்? அவர் கண்ணை விரித்து, மூச்சு வாங்கி, குரலைத் தாழ்த்தி என்னென்னவோ முயல்கிறார். 'ரூ சொதப்பிவிட்டார், மோன்டல்பான் தூக்கி நிறுத்தினார்' என்று எழுதுகிறவர்கள், அந்தப் பெண்ணின் தோளில் ஏறி நின்றுதான் அவர் அவ்வளவு உயரமாகத் தெரிகிறார் என்பதைக் கவனிப்பதில்லை. 1982இல் கானுக்கென்றே ஒரு முழுத் திரைப்படம் எடுத்தார்கள். அதில் அவன் மனைவி செத்துவிட்டாள் என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

இந்தியப் பெண் ஒருத்தி நிஜமாகவே இந்த உலகத்துக்குள் போனதுண்டு. 1965இன் மிஸ் இந்தியா பெர்சிஸ் கம்பாட்டா. 1970களின் கடைசியில் திட்டமிட்டு, பிறகு கைவிட்ட ஒரு புதிய ஸ்டார் ட்ரெக் தொடருக்காகத் தேர்வானவர். அதுவே 1979இல் திரைப்படமாக மாறியபோது இலியாவாக வந்தார். மேற்கத்தியப் பத்திரிகைகளுக்கு அவர் மொட்டை அடித்ததுதான் செய்தி. குலதெய்வக் கோயிலுக்கு மொட்டை போட்டுவிட்டு மறுநாளே வேலைக்குப் போகிற பெண்கள் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு பார்த்தால் அந்தப் பரபரப்பு வேடிக்கையாக இருக்கிறது. படத்தில் கொஞ்ச நேரத்திலேயே இலியா அழிந்து, அவள் உருவத்தில் ஓர் இயந்திரம் வருகிறது. இயந்திரம் இயந்திரம்போலத்தானே பேசும்? மரம்போல நடித்தார் என்று அவரைச் சொல்பவர்களைப் பார்த்தால் இதைத்தான் கேட்கத் தோன்றுகிறது.

சரி, எல்லாப் பழியையும் எழுத்தின் மேல் போட்டுவிட்டால் நடிகைகளுக்குத் திறமை என்று ஒன்று இல்லையா? மூன்றாவது சீசனையே எடுத்துக்கொள்வோம். தொடரின் கஷ்ட காலம் அது. பணத்தைக் குறைத்துவிட்டார்கள், வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளிவிட்டார்கள். காரா வந்து சரியாக ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 27 அன்று, ஜோன் லின்வில் ஒரு ரோமுலன் போர்க்கலத்தின் தளபதியாக வருகிறார். அதே செட், அதே பற்றாக்குறை, அதே ஆறு நாள். அவர் உள்ளே வந்ததும் ஆண்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள். யாரையும் அதட்டாமல் உத்தரவு போடுகிறார். ஸ்பாக் தன்னை ஏமாற்றிவிட்டான் என்று தெரிந்ததும் அவமானத்தை விழுங்கிக்கொண்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிப்பது முகத்தில் தெரிகிறது. அந்தத் தளபதிக்குப் பெயரே இல்லை. ஸ்பாக்கின் காதில் மட்டும் கிசுகிசுக்கிறாள், நமக்குக் கேட்காது. எழுதியவர் டி.சி. ஃபோன்டானா. டி.சி. என்றால் டாரதி கேத்தரின். தலைப்பெழுத்துக்குப் பின்னால் மறைந்து எழுதிய பெண். அந்த எபிசோடில் காதல் காட்சிகள் மாறிப்போன விதம் தனக்குப் பிடிக்கவில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அப்படியும் இவ்வளவு மிஞ்சியிருக்கிறது.

அக்டோபரில் டயானா முல்டார், டாக்டர் மிராண்டா ஜோன்ஸாக. பார்வையற்றவள், ஆனால் அதை யாரிடமும் சொல்வதில்லை; அவள் உடையில் பின்னியிருக்கும் நுண்கருவி வலைதான் அவளுக்குக் கண். இங்கே உடை நழுவுவதற்காக இல்லை, பார்ப்பதற்காக இருக்கிறது. முதல் தடவை பார்க்கும்போது எதுவும் தெரியாது. இரண்டாம் தடவை பார்த்தால், அவர் கையால் துணியைத் தடவுவதும் தலையைத் திருப்பாமல் திரும்புவதும் ஏன் என்று புரியும். பரிதாபப்படுவார்கள் என்ற எரிச்சலை அவர் எவ்வளவு அழகாகக் கையாண்டிருக்கிறார்! அடுத்த மார்ச்சில் மாரியட் ஹார்ட்லி, பனி யுகத்தில் தன்னந்தனியாகத் தண்டனை அனுபவிக்கும் சாராபெத்தாக. திரும்பிப் போக முடியாது என்று பொய் சொல்லி ஸ்பாக்கைத் தன்னோடு வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள். தனிமையில் கிடந்தவளின் பொய் அது. இந்த இரண்டையும் எழுதியவர் ஜீன் லிசெட் அரோஸ்ட். லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்த பெண். யாரும் கேட்காமலே கதை எழுதி அனுப்பியவர். டிசம்பரில் வந்த 'தி எம்பத்' ஜாய்ஸ் மஸ்கட் எழுதியது. அதில் ஊமைப் பெண் ஜெம்மாக வரும் கேத்ரின் ஹேஸுக்கு ஒரு வசனம்கூட இல்லை. கறுப்புத் திரை, வெறும் தரை, இரண்டு கை, ஒரு முகம். மற்றவர்கள் காயத்தைத் தன் உடம்பில் வாங்கிக் குணப்படுத்துபவள் அவள். பெண் என்றால் வலியை வாங்கிக்கொள்பவள் என்ற பழைய கதைதான், அதோடு எனக்குச் சண்டை உண்டு. நடிப்போடு சண்டையே இல்லை.

இதைச் சொன்னதும் பிள்ளைகள் உற்சாகமாகிவிட்டார்கள். அப்படியானால் பெண் எழுதினால் பெண் நன்றாக நடிப்பாள், அவ்வளவுதானே மேடம்? அவ்வளவு சுலபம் இல்லை. மார்கரெட் ஆர்மன் என்ற பெண்தான் இதே சீசனில் 'தி பாரடைஸ் சிண்ட்ரோம்' எழுதினார். அமெரிக்கப் பழங்குடிப் பெண் மிராமனியாக சப்ரினா ஷார்ஃப், நிறம் பூசிக்கொண்டு, நினைவிழந்த கர்க்கைக் கடவுள் என்று நம்பிக் கட்டிக்கொண்டு, கர்ப்பமாகி, செத்துப்போகிறாள். எழுத்து படு மோசம். நடிப்பும் பலவீனம்தான் என்பேன்: சாகும்போதும் கல்யாணத்தின்போதும் ஒரே பாவம், ஒரே தாழ்ந்த குரல். காராவுக்கு நான் தேடிக் கண்டுபிடித்த அந்த வசனமில்லாத நடையைப் போல இங்கே எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆர்மன் எழுதிய இன்னொரு எபிசோடில் வரும் ஷானா என்ற பச்சைத் தலைமுடிக்காரிக்கும் உடைதான் பாத்திரம். பெண் கையால் எழுதியதாலேயே எழுத்து விடுதலை ஆகிவிடுவதில்லை. ஃபோன்டானாவும் அரோஸ்டும் மஸ்கட்டும் செய்தது வேறு: வந்தவளுக்கு வேலை ஒன்றைக் கொடுத்தார்கள். மறைக்க ஒரு விஷயம், அடைய ஒரு விஷயம், இழக்க ஒரு விஷயம். நடிகை பிடித்துக்கொள்ளக் கைப்பிடி.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்லூரிகளுக்கிடையேயான நாடகப் போட்டிக்கு எங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். நாற்பது நிமிஷ நாடகம். அதில் ஒரே ஒரு பெண் பாத்திரம், தங்கை. அழ வேண்டும், 'அண்ணா' என்று மூன்று முறை கூப்பிட வேண்டும். நடுவர் தாளில் அவளுக்கு எதிரே 'நடிப்பு பலவீனம்' என்று எழுதியிருந்தார்கள். அவள் அடுத்த வருஷம் மேடை ஏறவில்லை. நாடகத்தை எழுதியவருக்குச் சிறந்த பிரதிக்கான பரிசு கிடைத்தது.

கடைசி எபிசோடுக்கு வருகிறேன். 1969 ஜூன் 3, 'டர்ன்அபௌட் இன்ட்ரூடர்'. டாக்டர் ஜானிஸ் லெஸ்டர் ஒரு காலத்தில் கர்க்கோடு படித்தவள். விண்கலத்துக்குக் கேப்டன் ஆக ஆசை. பெண்ணுக்கு அந்த இடம் இல்லை என்பதால் உள்ளுக்குள் வெந்துபோனவள். ஓர் இயந்திரத்தின் மூலம் உடல்களை மாற்றிக்கொள்கிறாள். இப்போது கர்க்கின் உடம்பில் ஜானிஸ், ஜானிஸின் உடம்பில் கர்க். அதாவது வில்லியம் ஷட்னர் ஒரு பெண்ணாகவும், கெஸ்ட் ரோலில் வந்த சாண்ட்ரா ஸ்மித் கேப்டனாகவும் நடிக்க வேண்டும். கதை வெறுக்கத்தக்கது. அதிகாரம் கேட்கும் பெண் பைத்தியம் என்பதுதான் அதன் சாரம். ஆனால் நடிப்பை ஒப்பிட இதைவிட நல்ல பரிசோதனை கிடைக்காது.

ஷட்னர் என்ன செய்கிறார்? நகத்தைத் தேய்க்கிறார். குரலை உச்சத்துக்கு ஏற்றி வீறிடுகிறார். ஆத்திரத்தில் உடம்பு குலுங்குகிறது, எதிர்ப்பவர்களுக்கெல்லாம் மரண தண்டனை என்று கத்துகிறார். பெண் என்றால் இதுதான் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், அல்லது யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

எங்கள் கூத்தில் பெண் வேடம் கட்டுவது காலங்காலமாக ஆண்கள். கட்டியங்காரன் பெண் மாதிரி நெளிந்து சிரிக்கவைப்பதும் உண்டு, அதில் பெண்களைக் கொச்சைப்படுத்தும் பகுதி நிறைய உண்டு. அதை மூடி மறைத்துக் கூத்தைத் தூக்கிப் பிடிக்க மாட்டேன். ஆனால் துகிலுரிதல் இரவில் திரௌபதை வேடம் கட்டியவர் நெளிய மாட்டார். அவிழ்ந்த கூந்தலோடு சபையைப் பார்த்து நியாயம் கேட்பார். கீழே உட்கார்ந்திருக்கும் பெண்கள் கும்பிடுவார்கள். மீசையை மழித்த அந்த மனிதர் தேடுவது பெண்ணின் நடையை அல்ல, அவளுடைய கோபத்தின் காரணத்தை. ஷட்னருக்கு ஜானிஸின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதே தோன்றவில்லை. இத்தனைக்கும் முதல் காட்சியிலேயே அது நியாயமில்லை என்று கர்க்கின் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறார்கள்.

சாண்ட்ரா ஸ்மித் எதையும் பெரிதாகச் செய்யவில்லை. கேப்டனின் மிமிக்ரியும் இல்லை. குரலை இறக்கிக்கொள்கிறார். யாராவது பேசினால் நேராகப் பார்த்துக் கேட்கிறார். கட்டிப்போட்டிருக்கும் வாரை அறுக்க உடைந்த கண்ணாடியை எடுக்கும்போது பதற்றம் இல்லை, கணக்கு இருக்கிறது. தன்னை யாரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்தும் விசாரணையில் வாதத்தை வரிசையாக எடுத்து வைக்கிறார். அந்த நேரத்தில் திரையில் கேப்டன் அவர்தான்.

ஷட்னரின் மிகை நடிப்பைப் பற்றியும் உலகம் கேலி பேசுகிறது. ஆனால் அது செல்லக் கேலி. வசனத்தை வெட்டி வெட்டிப் பேசுவது அவருக்கு ஒரு பாணியாகவே நிலைத்துவிட்டது, அதை வைத்து விளம்பரங்களிலும் நடித்தார். கதாநாயகன் ஒரு வாரம் சொதப்பினால் ஈடுகட்ட இன்னும் எழுபது வாரம் இருக்கிறது. வந்து போகிறவளுக்கு அந்த ஒரு வாரம்தான் மொத்தமும்.

அன்றைக்கு ஆளுக்கொரு தாளில் மதிப்பெண் போடச் சொன்னேன், பத்துக்கு. சாண்ட்ரா ஸ்மித்துக்கு எல்லோரும் ஏழுக்கு மேல். ஷட்னருக்கு மூன்றைத் தாண்டவில்லை. காராவுக்கு மட்டும் இரண்டிலிருந்து ஏழு வரை சிதறியது. இரண்டு போட்டவள் முதலில் 'ஆக்டிங்கே வரல' என்றவள்தான். இவ்வளவு பேசிய பிறகும் மாற்றவில்லை. "பாட்டு குடுக்கலன்னு சொல்றீங்க, சரி மேடம். ஆனா அந்த ரோமுலன் அம்மாகிட்ட இதே வேசத்த குடுத்திருந்தா, அந்தக் கேவலமான டயலாக்லகூட எதையாச்சும் புடிச்சிருப்பாங்க. இவங்க புடிக்கல. அதையும் சொல்லணும் இல்ல?" என்றாள். சொல்லணும்தான். லின்வில்லிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, அவளிடமும் இல்லை. பென்னாகரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை 'தி எம்பத்'தைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.